ஐந்தாம் தளத்தின் நாற்சந்தி

என் கணினியைக் கேட்டால் இன்று 1980, ஜனவரி ஒன்று. நாளைக்குக் கேட்டாலும் அதே தேதிதான். மதர்போர்டில் பற்றவைத்திருந்த சின்ன பேட்டரி கசிந்து பலகையை அரிக்க ஆரம்பித்ததால், நானே அதை வெட்டியெடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை போடும்போதும் அது திருதிருவென்று விழிக்கும். தன் ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரியது என்பதுகூட அதற்கு மறந்துபோகும். சிலிண்டர் எத்தனை, ஹெட் எத்தனை என்று நான்தான் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க வேண்டும்.

பகலில் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அடித்தளத்தில் நூற்றுப்பத்துக் கணினிகளுக்குக் காவல். பிரிண்டரில் தாள் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். சிக்காத நாட்களில் நான் வந்தேனா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. பக்கத்து மேசைக்காரன் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஏதோ ஆடுவான். எங்கே போக வேண்டும் என்று திரையில் ஒரு மஞ்சள் அம்பு காட்டும். அங்கே போனால் இன்னொரு அம்பு. இதற்குப் பெயர் ஆட்டமாம்! ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "எங்க காலத்துல ஆட்டத்த ஆரம்பிக்கிறதே ஒரு ஆட்டம்" என்று தொடங்கி, மூச்சுவிடாமல் கால்மணி நேரம் பேசினேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் அவன் காதில் இயர்போன் இருப்பதைப் பார்த்தேன்.

அவனிடம் சொன்னதை உங்களிடம் சொல்கிறேன், நீங்களாவது கேளுங்கள். என்னுடையது 486, அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ், எட்டு எம்பி ராம். அந்த எட்டு எம்பியில் ஆட்டம் கேட்பதெல்லாம் முதல் 640 கேபியைத்தான். அதில் 605 காலியாக இருந்தால்தான் வாசல் திறக்கும். ஆனால் மவுஸ், சவுண்டு கார்டு, சிடி என்று எல்லாவற்றையும் இயக்கும் டிரைவர் நிரல்களும் ஏற்கெனவே அங்கே துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும். ஒவ்வொன்றையும் கெஞ்சிக் கூத்தாடி 640க்கு மேலே ஏற்ற வேண்டும். தொடக்க ஃபைலில் ஒரு வரியை மாற்று, மறுபடி போடு, பார். 598. இன்னொரு வரி. 603. முதன்முதலில் செய்த அன்று, எரிச்சலில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, வரிகளின் வரிசையை மட்டும் மாற்றினேன். 611! பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா கைதட்டினாள்.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். அப்போது ஒரே நகரத்தில் இருவருக்கும் வேலை. தையல் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது மானிட்டர் லேசாக நடுங்கும். அவள் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடம் வரைபவள். கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் தூக்கம் வராது. நான் அவளுக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'. கோபம் வந்தால் நிஜ ஸ்கேலாலேயே முதுகில் ஒன்று வைப்பாள்.

ஆட்டம் ஒரு பத்துத் தளப் பாதாளக் கோட்டை. திரையில் எதிரே இருக்கும் சுவர் மட்டும்தான் தெரியும். ஒரு பொத்தான் அழுத்தினால் ஒரு கட்டம் முன்னே போகலாம். வரைபடம் கிடையாது, திசைகாட்டி கிடையாது. வேண்டுமானால் நீயே வரைந்துகொள் என்று கையேட்டில் திமிராகப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு அது போதாதா? நான் பொத்தானை அழுத்தியபடி, "ஒண்ணு முன்னாடி. இடப்பக்கம் சுவரு. வலப்பக்கம் கதவு" என்று சொல்லச் சொல்ல, அவள் கிராஃப் தாளில் வரைவாள். வீட்டு வரைபடத்தில் போடுவதுபோல, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சின்னக் கால்வட்டம்கூடப் போடுவாள். ஆட்டத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. "கதவுன்னா திறக்கணும்ல?" என்பாள். நாலு தளம் இப்படியே போனது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்த நாலு தளத்தைச் சொல்வேன்.

ஐந்தாம் தளத்தில் தகராறு. நாங்கள் நடந்துபோன பாதை, ஏற்கெனவே வரைந்த ஓர் அறைக்குள் போய் முட்டியது. தாளின்படி அங்கே சுவர். திரையில் வெட்டவெளியாகப் பாதை. அழித்து வரைந்தோம். மறுபடி அதே கதை. நான் பொத்தானைத் தப்பாக அழுத்தியிருப்பேன் என்றாள். அவள் தப்பாகப் போட்டிருப்பாள் என்றேன். பேச்சு தடித்தது.

அந்த வாரம்தான் அவள் அலுவலகத்தில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. ஒரு மாடிப்படி வரைபடத்தில் இரண்டு படி விட்டுப்போயிருக்கிறது. பொறியாளர் எல்லோர் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கத்தியிருக்கிறார். அழுதுகொண்டே என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான் சொன்னேன்: "ரெண்டு படிய முழுங்கின கைதானே? இங்கயும் ரெண்டு கட்டத்த முழுங்கியிருக்கும்."

அவள் பென்சிலைத் தாளின் மேல் வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். ஸ்கேலை எடுத்து நாலு வைத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அந்தப் பென்சிலை அவள் மறுபடி எடுக்கவில்லை. அடுத்த வருடம் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள்.

சண்டை என்று சொல்ல முடியாது. பேசிக்கொள்கிறோம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, உடம்பப் பாத்துக்கோ. வருடத்துக்கு மூன்று முறை, தலா நாலு நிமிடம். அம்மா இறந்தபோது பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு விமானம் எத்தனை மணிக்கு என்று பேசினோம். அவள் இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கிறாள். தப்புக் கண்டுபிடிப்பதுதான் சம்பளம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எத்தனையோ ஆட்டங்களை ஆடி முடித்தேன், அந்த ஒன்றை மட்டும் இருபத்தேழு வருடமாகத் தொடவில்லை.

போன மாதம் மானிட்டர் மங்கத் தொடங்கியது. ஓரங்களில் இருட்டு ஏறுகிறது. இந்த மாதிரிப் படக்குழாய் இனி எங்கும் கிடைக்காது. அது கண்ணை மூடுவதற்குள் ஐந்தாம் தளத்தில் யார் தப்பு செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. பெட்டியிலிருந்து ஆறு ஃபிளாப்பிகளையும் எடுத்தேன். நாலாவது மட்டும் முரண்டு பிடித்து, பதினோராவது தடவைதான் கணினி அதைப் படித்தது. அவள் வரைந்த தாள்களும் பெட்டியில் இருந்தன. அவற்றைத் தொடாமல், எல்லாத் தளத்தையும் நானே புதிதாக வரைந்துகொண்டு வந்தேன். நானே அழுத்தி, நானே சொல்லி, நானே போட்டேன். "இடப்பக்கம் சுவரு" என்று வாய்விட்டுத்தான் சொன்னேன். சொல்லாமல் எனக்கு வரைய வரவில்லை.

நேற்று ஞாயிறு, மதியம். ஐந்தாம் தளம். என் பாதையும் அதே அறைக்குள் போய் முட்டியது.

அழுத்தியதும் நான், வரைந்ததும் நான். இரண்டிலும் தப்பில்லை என்றால்? ஆட்டத்தில் என் பையில் இருந்த ரொட்டிகளைக் கட்டத்துக்கு ஒன்றாகத் தரையில் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் ஒரு நாற்சந்தி. நாலு பக்கமும் ஒரே மாதிரிப் பாதை, ஒரே மாதிரிக் கல். அதைத் தாண்டி ஒரு கட்டம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பின்னால், நேர்கோட்டில் இருக்க வேண்டிய ரொட்டிகளைக் காணோம். நாற்சந்தியில் நின்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினால், பக்கவாட்டுப் பாதையில் கிடக்கின்றன. அந்தக் கட்டத்தில் கால் வைத்ததும் ஆட்டம் சத்தமில்லாமல் நம்மை வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. நாலு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் திரும்பியதே தெரியாது. நாம் நேராகப் போவதாக நினைத்துப் போய்க்கொண்டே இருப்போம். நாலு தடவை சோதித்தேன். நாலு தடவையும் அதேதான்.

"அடப்பாவிங்களா!" என்று கத்திவிட்டேன். எப்பேர்ப்பட்ட மூளை! இதைச் செய்தவனின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கத் தோன்றியது. சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதில் துவைத்த துணிகள் மடிக்காமல் கிடந்தன. அப்போதுதான் அழுகை வந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னடா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றாள். வழக்கமில்லாத நாளில் நான் கூப்பிட்டால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

"நல்லாத்தான் இருக்கேன். அக்கா, அந்த அஞ்சாவது மாடி மேப் ஞாபகம் இருக்கா?"

"எந்த மாடி? வீடு எதுவும் வாங்கப்போறியா?"

"ஆட்டத்துல. கிராஃப் தாள்ல நீ போட்டது."

பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "ம்" என்றாள்.

"அது சரிக்கா. கோட்டுக்குக் கோடு சரி. அங்க ஒரு நாற்சந்தி இருக்கு, கால வச்சதும் ஆட்டமே நம்மளத் திருப்பிவிட்டுடுது. நான் சொன்னதத்தான் நீ போட்டிருக்க. ரொட்டி போட்டுப் பாத்தேன், நாலு தடவ. உன் மேல தப்பே இல்ல."

"இதச் சொல்லவா கூப்பிட்ட?"

"ஆமா."

"சரி, ஒண்ணு கேக்கறேன். நான் போட்டது தப்பாவே இருந்திருந்தா?"

"தப்பு இல்லக்கா, அதத்தானே சொல்றேன்..."

"இருந்திருந்தான்னு கேக்கறேன். ஆபீஸ்ல படி விட்டது நான்தானே? அது நிஜமாவே என் தப்புதானே? எந்த ரொட்டியப் போட்டு அதச் சரியாக்குவ? அப்ப நீ சொன்னது சரின்னு ஆயிடுமா?"

மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடமும் யார் தப்பு என்பதைத்தான் நான் தேடியிருக்கிறேன். அவள் பென்சிலை வைத்தது அதற்காக இல்லை. இது தெரிய எனக்கு 486 தேவைப்பட்டிருக்கக் கூடாது.

"தப்பாவே இருந்திருந்தாலும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். "நீ என்கிட்ட மட்டும்தான் அழுத. அதையே எடுத்து உன் மேல எறிஞ்சேன். மன்னிச்சுடுக்கா."

"இதுக்கு இத்தன வருஷமாடா?" என்றாள். கோபமா சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை. "அடுப்புல வச்சிருக்கேன். அப்புறம் பேசறேன்."

அந்த 'அப்புறம்' எங்கள் வழக்கத்தில் நாலு மாதம்.

மறுபடி கணினி முன் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? நாற்சந்தியில் திரும்புவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மிச்சத் தளத்தை வரைந்தேன். கடைசியில் ஒரு கதவு. இந்தத் தளத்தின் முடிவில் என்ன இருக்கும் என்று அன்று நாங்கள் பந்தயம் கட்டியிருந்தோம். அவள் புதையல் என்றாள், நான் பூதம் என்றேன். திறந்தேன். சின்ன அறை, ஆறாம் தளத்துக்கு இறங்கும் படி, வேறொன்றும் இல்லை. அதையும் வரைந்து, தாளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. சாயங்காலம் வரை போனைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தேன்.

இன்று வேலையில் மூன்றாம் மாடி பிரிண்டருக்குள் கையை விட்டிருந்தபோது போன் துடித்தது. மை பட்ட கையோடு எடுத்துப் பார்த்தேன். நான் அனுப்பிய படம்தான். அதன் மேல் மூன்று இடத்தில் சிவப்பு வட்டம். கீழே எழுதியிருந்தாள்:

"வடக்கு எந்தப் பக்கம்னு போடல. படி எத்தனைன்னு எழுதல. கடைசிக் கதவு எந்தப் பக்கம் திறக்குது? திருத்தி அனுப்பு. ஆறாவது மாடிக்கு நான் இல்லாம இறங்காத."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினியைப் போட்டேன். 1980, ஜனவரி ஒன்று. சிலிண்டர், ஹெட். 611. பக்கத்து நாற்காலித் துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டேன். மங்கிப்போன திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று, திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கீல் இடப்பக்கம், உள்நோக்கித் திறக்கிறது. படிகளை இரண்டு முறை எண்ணினேன். ஆட்டத்தில் திசைகாட்டி இல்லாததால், முதல் தளத்தில் நுழைந்த திசையையே வடக்கு என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு ரப்பரை எடுத்து, அவள் சொன்ன மூன்று இடத்தையும் எதிர்த்துப் பேசாமல் திருத்தினேன்.