எவோதியோவின் தொப்பி சொன்னவை

எவோதியோ செந்தேஹாஸின் ஓலைத் தொப்பி ஏப்ரல் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால் மணிக்குப் பேச ஆரம்பித்தது. மெக்சிகோவில் எல் துராஸ்னோ என்ற எங்கள் ஊரில், அவன் வீட்டுச் சமையலறை ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து பஸ் கிளம்பிய அவசரத்தில் மறந்து விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் அப்போது எங்களோடு கலிபோர்னியாவில், சலினாஸ் பள்ளத்தாக்கில், குனிந்து லெட்யூஸ் கீரை வெட்டிக்கொண்டிருந்தான். குரல் அவனுடையதேதான், மூக்கடைப்பு உட்பட. "முதுகு வலிக்குது" என்றது தொப்பி. சோளமாவு பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி நின்ஃபா திரும்பிப் பார்க்காமலேயே, "தைலம் தேய்ச்சுக்க" என்று சொல்லிவிட்டாள். புருஷன் வீட்டில் இல்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கும் கடையில் மெஷின் ஓடும் நேரத்தில் வீட்டுக்குப் பேசுவது எங்கள் வழக்கம். எப்படி இருக்கே, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன். இதற்கு மேல் எந்த ஆம்பளையும் வாய் திறக்கமாட்டான். திறந்தால் பக்கத்து மெஷின்காரன் காதைத் தீட்டிக்கொள்வான், திங்கட்கிழமை வயல் முழுக்க அதுவே பேச்சாக இருக்கும். எவோதியோவும் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள், நின்ஃபாவின் தலைக்கு மேலிருந்து, "பதினோரு நாளா தூக்கமே இல்ல" என்றது தொப்பி. நின்ஃபா விவரமானவள். துருவிக் கேட்டால் புருஷன் போனை வைத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஆடு குட்டி போட்ட விஷயத்தைப் பேசினாள்.

மே மாதத்துக்குள் தொப்பிக்கு நன்றாகவே வாய் வளர்ந்துவிட்டது. மேஸ்திரி சத்தம் போட்டால் கை நடுங்குகிறது என்றது. ஒரே அறையில் நாலு பேர் படுத்திருந்தும் கிணற்றுக்குள் தனியாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்றது. எதைத் தின்றாலும் ருசியில்லை, மகளின் குரல் மறந்துபோகிறது, பக்கத்தில் படுக்கும் கமலியேலின் குறட்டைக்காக அவனைக் கொன்றாலும் பாவமில்லை என்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தொப்பி பேசுவதைக் கேட்டார்கள். உயிரோடிருப்பவனின் தொப்பி எதற்குப் பேசப்போகிறது, எவோதியோ செத்துவிட்டான், ஆவி வழி தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். "நேத்துதானே போன்ல பேசினேன்" என்று நின்ஃபா அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். ஜெபமாலை சொல்லும் கிழவி அசரவில்லை. "செத்தவங்களும் பேசுவாங்கடி. நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. கடைசி நாளில் எவோதியோவின் பன்றியையே அடித்துச் சமைத்து ஊருக்கு விருந்து வைத்தார்கள். சமையல் பிரமாதம் என்று கேள்வி.

அவன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரியும் போட்டோ எங்கள் போன்களுக்கு வந்துசேர்ந்ததும் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டேய், காலஞ்சென்றவருக்கு ஒரு காப்பி குடுங்கடா" என்று தினமும் கேலி. "எனக்கு ஒரு துண்டு கறியாச்சும் எடுத்து வச்சாங்களாமா?" என்று அவனும் சிரித்தான். வயலில் மூன்று பேர் ஒரு கூட்டு. இரண்டு பேர் வெட்ட வேண்டும், ஒருவர் பெட்டியில் அடுக்க வேண்டும். கூலி மூவருக்கும் சமம். எவோதியோ, கமலியேல், நான், இதுதான் எங்கள் கூட்டு. எவோதியோ கத்தியைப் பிடித்தபடி ஒரே செடியைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தபோது, அவன் பங்கையும் நாங்களே வெட்டினோம். அதைப் பெரிய நட்பு என்று நினைத்துக்கொண்டோம். "தெம்பா இரு மச்சான்" என்று முதுகில் தட்டினோம். பல்வலியானாலும் மனவலியானாலும் எங்களிடம் இருந்தது அந்த ஒரே மருந்துதான். என்ன ஆச்சு என்று ஒருவனும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை தொப்பி வாயை மூடிக்கொண்டது. காலையிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. நின்ஃபா அதை ஆணியிலிருந்து எடுத்து உலுக்கினாள், இரண்டு தட்டு தட்டினாள். பத்து மணி வரை பொறுத்துப் பார்த்தாள். கமலியேலைப் போனில் கூப்பிட்டாள். வயலில் போன் எடுக்கக் கூடாது, இருந்தாலும் எடுத்தான். "அவரு எங்கண்ணே?" "கக்கூஸ் போயிருக்கான்மா." "எவ்ளோ நேரமாச்சு?" நாங்கள் திரும்பிப் பார்த்தோம். எவோதியோவின் கத்தி கடைசிப் பெட்டியின் மேல் இருந்தது. அதன் பக்கத்தில் கையுறைகள் இரண்டையும் மடித்து வைத்திருந்தான். எங்களில் யாரும் கத்தியை விட்டுவிட்டு எங்கும் போகமாட்டோம். ஓடினோம்.

பாசனக் கால்வாயின் கரையில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் ஆளை இழுக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கமலியேல் மூச்சிரைக்க அவன் பக்கத்தில் போனான். நின்ஃபா இன்னும் லைனில் இருந்த போனை நீட்டினான். நின்ஃபா எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. "பதினோரு நாளா தூங்கலன்னு சொன்னே. கை நடுங்குதுன்னு சொன்னே. கிணத்துக்குள்ள கெடக்குற மாதிரி இருக்குன்னு சொன்னே. புள்ள குரல் மறந்துபோச்சுன்னு சொன்னே" என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"யாரு சொன்னது? நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே" என்றான் எவோதியோ.

"உன் தொப்பி சொல்லுச்சுய்யா. மூணு மாசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்கு அது பேசல. நீ பேசு."

அவன் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம். நாற்பது நிமிடம் அழுதான். நடுவில் மகள் போனை வாங்கி, "அப்பா, உன் பன்னிய எல்லாரும் தின்னுட்டாங்கப்பா" என்று கோள் சொன்னாள். அழுகைக்கு இடையில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி கத்திக்கொண்டே வந்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், திரும்பிப் போனார்.

அன்று மாலை நாங்கள் தங்கியிருந்த மோட்டல் வாசலுக்கு மருத்துவ வண்டி வரும் நாள். யதீரா என்ற மனநல ஆலோசகர் கேள்வி கேட்டபோது, எவோதியோ பழக்க தோஷத்தில் நல்லா இருக்கேன் என்றான். தொப்பிக்கு மறுபடி வாய் வந்திருந்தது. நின்ஃபா ஊரில் போனை அதனிடம் காட்டினாள். அது இருபத்தைந்து நிமிடம் பேசியது. யதீரா எல்லாவற்றையும் கணினியில் தட்டிக்கொண்டு, தொப்பியிடம் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார். வண்டியிலிருந்த டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்தார், வாராவாரம் வந்து பேசச் சொன்னார். செப்டம்பரில்தான் எவோதியோ விடியும்வரை தூங்கினான். கமலியேலும் அந்த வண்டியில் ஏறினான், குறட்டைக்காக என்று சொல்லிக்கொண்டு. நானும் ஏறினேன், எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த மார்ச்சில் எல் துராஸ்னோவிலிருந்து பஸ் கிளம்பியபோது, நல்ல வெயிலில் இருபத்துமூன்று ஆண்கள் வெறும் தலையோடு வந்து ஏறினோம். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பஸ் நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள், ஆணியில் மாட்டிவிட்டு வந்த என் தொப்பி பேச ஆரம்பித்துவிட்டதாக என் மனைவி சொல்கிறாள்.