அய்யனார் காட்டுச் சருகு

பிள்ளை வரம் கேட்கிறவர்கள் தொட்டில் கட்டுவார்கள், கிடா வெட்டுவார்கள். நரிக்குடிப் பக்கத்துத் தங்கலட்சுமிக்கு அதெல்லாம் போதவில்லை. "புள்ளயக் குடு அய்யனாரே, உன் காட்டுல ஒரு சருகு கெடக்காமக் கூட்டுறேன்" என்று வேண்டிக்கொண்டாள். பிரவீணா பிறந்தாள். மூன்று வருசமாகக் கோயில்காட்டில் விழுந்த சருகையெல்லாம் கூட்டி, குவித்து, கொளுத்தினாள்.

"சாமி எடத்தக் கூட்டுறியா, செரைக்கிறியா?" என்றான் புருசன் காளிராஜ். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இந்த வருசம் அய்யனாருக்கு நிழல் தரும் நாவல் மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்கியது. மழை பெய்தும் துளிர்க்கவில்லை. பூசாரி ராஜகுரு அண்ணாந்து பார்த்தார். "கூட்டுறதுல ஏதோ கொறையிருக்கு தாயி." அவருக்கென்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தங்கலட்சுமி காய்ந்த உச்சியையே பார்த்தாள். மரத்தைக் காயவைத்த சாமி பிள்ளையைச் சும்மா விடுமா? கோயிலுக்குப் பின்னால் முள்ளுக்குப் பயந்து கூட்டாமல் விட்ட இடம் ஒன்று இருந்தது. அதையும் கூட்டிவிடப் போனாள்.

முன்பக்கம் நேற்றைய மழை தேங்கிக் கிடந்தது. தரை சிமெண்டு போட்டதுபோல இறுகியிருந்தது. பின்பக்கமோ கால் வைத்ததும் பொதுக்கென்று அமுங்கியது, தண்ணீரைக் காணோம். சருகைக் கிளறினால், அடேயப்பா, அவ்வளவும் மண்புழு! சருகைத் தின்று, மண்ணைத் துளைத்து, மழை உள்ளே இறங்க வழி பண்ணிக்கொண்டிருந்தன. அங்கே நின்ற நாவல் கன்றுகள் கொழுகொழுவென்றிருந்தன. முன்பக்கத்துப் புழுக்களின் சோற்றை இத்தனை நாளாகக் கொளுத்தியது யார்? "அடிப் பாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

சருகும் புழுவும் மண்ணுமாகக் கூடை கூடையாக அள்ளிவந்து நாவலடியில் பரப்பினாள். அந்நேரம் போன் அடித்தது.

"புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. எங்க இருக்க நீ?" காளிராஜ்தான்.

கை தானாக விளக்குமாற்றுக்குப் போனது. எல்லாவற்றையும் இப்போதே கூட்டித் தள்ளிவிட்டால் சாமி மனசு மாறுமோ? கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. பின்னாலயே வாரேன்."

போனை வைத்துவிட்டு அய்யனாரைப் பார்த்தாள். அழுகை முட்டியது, அதைவிடக் கோபம் முட்டியது.

"கூறுகெட்டவ, நான்தான் வேண்டுனேன். அருவாள வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கியே, வேணாம்டின்னு நீயாவது சொன்னியா? இனி ஒரு சருகையும் தொட மாட்டேன். அதுக்காக எம்புள்ள மேல கைய வச்சியோ, இந்த மரமும் இல்லாம வெயில்லயே கெட!"

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.