பதினோரு மூத்தாள்கள்

சிஞ்சு நகர ரயிலடிக்குப் பின்புறமுள்ள கல்யாண மண்டபத்தில் முப்பது மேசை கேட்டால் முப்பத்தொன்று போடுவார்கள். கூடுதல் மேசை இறந்துபோன பதினோரு பெண்களுக்கு. முன்பதிவுத் தாளிலேயே அது அச்சாகியிருக்கிறது, வண்டி நிறுத்துமிடம் பற்றிய வரிக்கு அடுத்த வரியாக.

முன்பு அந்த மண்டபம் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் செய்யும் தொழிற்சாலை. யாரும் வேலையை விட்டு எழுந்து போய்விடாதபடி கதவைப் பூட்டிவைப்பது முதலாளியின் வழக்கம். ஒரு மதியம் தீப்பிடித்தபோதும் பூட்டித்தான் இருந்தது. செத்த பதினோரு பேரில் ஒருத்திக்கும் கல்யாணமாகவில்லை. எங்கள் வழக்கத்தில், செத்த பெண்ணின் பெயர் எழுதிக் கும்பிடும் பலகைக்குப் புருஷன் வீட்டுப் பூசை மாடத்தில்தான் இடம், தகப்பன் வீட்டில் கிடையாது. எனவே போக்கிடமின்றி அங்கேயே தங்கினார்கள். இருபது வருஷம் கழித்து வெள்ளையடித்து மண்டபமாக்கியதும், முதல் விருந்திலேயே பத்துப் பேர் மேசையில் பதினோரு பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பந்திக்கு முந்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஒன்பது வருஷத்தில் ஆறு மாப்பிள்ளைகள், கல்யாணமான நூறு நாளுக்குள், சின்னச் சின்னக் கண்ணாடி பல்புகளாக இருமிச் செத்தார்கள். வாடகை குறைந்தது, கூட்டம் கூடியது. மலிவு என்றால் எங்கள் ஊர் எமனோடும் பந்தியில் உட்காரும்.

பேருந்து ஓட்டுநர் மிங்தே, அங்கே கல்யாணமான மூன்றாம் நாள் காலைக் கஞ்சியில் ஒரு பச்சை பல்பை இருமினான். அது எரிந்துகொண்டிருந்தது. மனைவி யூசியா அதைக் கரண்டியால் எடுத்து வைத்துவிட்டு அழுதாள். கோயில் குறிகாரர், பதினோரு பேரில் மெய்ஹுய் என்பவள் அவன்மேல் ஆசைப்பட்டிருக்கிறாள், கட்டிவைத்தால் உயிரை விட்டுவைப்பாள், ஆனால் அவள்தான் மூத்தாள் என்றார்.

"என் புள்ள உயிரும்மா. நீ சரின்னு சொல்லணும்" என்று மாமியார் சுன்மெய் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"ஒருத்திக்கு மட்டும் கட்டிவெச்சா மத்த பத்துப் பேரும் வேடிக்கை பாத்துக்கிட்டா இருப்பாங்க, அத்தை? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? பதினோரு பேரையும் கூட்டிட்டு வாங்க."

"இந்த மூஞ்சிக்குப் பன்னண்டு பொண்டாட்டி!" என்றாள் சுன்மெய், அழுகைக்கு நடுவே.

மணப்பெண்களுக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டு உடுத்திய பதினோரு துணிப் பொம்மைகள் மிங்தேயின் பேருந்திலேயே வந்தன. பெயர்ப் பலகைகள் மாடம் ஏறிய அன்று மதியமே இருமல் நின்றது. பிறகு எந்த மாப்பிள்ளையும் சாகவில்லை. யூசியா தினமும் ஊதுபத்தி ஏற்றி, "அக்கா, சாப்புட வாங்க" என்று பதினோரு முறை சொன்னாள். கடைத்தெருவில் அவளைப் பன்னிரண்டாவது என்றே கூப்பிட்டார்கள். புருஷன் மூச்சு விடும் சத்தம் கேட்டால் போதும் அவளுக்கு.

மறு வருஷம் மகள் பிறந்தாள். முப்பதாம் நாள் விருந்து, மதியம், அதே மண்டபத்தில். பிள்ளை பிறந்ததற்கான சிவப்புச் சாய முட்டை பரிமாறும்போது குழந்தை யூசியாவின் மடியிலிருந்து எழுந்து, ஒருவர் தூக்கிப்போகும் உயரத்தில் மிதந்து அந்தப் பதினோரு பேர் மேசைக்குப் போயிற்று. ஒவ்வொரு நாற்காலி முன்னும் கொஞ்ச நேரம் நின்றது. விருந்தாளிகள் பிள்ளைக்கு வழிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

"மூத்தவங்க கொஞ்சட்டும், நீ ஒக்காந்து சாப்புடு" என்றாள் சுன்மெய்.

யூசியா உட்காரவில்லை. நாலாவது நாற்காலியில் குழந்தை பசித்து வீறிட்டது. ஐந்தாவதில் அழுகை நின்று, உதடு சப்புக்கொட்ட ஆரம்பித்தது. பால் கட்டி, சட்டை நனைய, அவள் வரிசையின் கடைசியில் நின்றாள். முறை வந்ததும் வாங்கிக்கொண்டாள். குழந்தைக்குப் பசியில்லை.