எழுத்தில்லாத தாள்

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கீபோர்டு சொல்லித் தருகிறேன். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதிய நோட்டேஷனைப் படிக்கவும் வாசிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். வாரத்துக்கு நாற்பது நிமிஷம். பத்து நிமிஷம் வந்து உட்காரவே போய்விடும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் பென்சிலால் சி, டி, இ என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளிலும் அதே எழுத்து ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். எழுத்தைப் பார், கட்டையைத் தட்டு. ஆண்டுவிழாவில் பெற்றோர் கைதட்டுவார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கும் நோட்டேஷன் படிக்கத் தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆவடியில் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி வந்தது. சொந்த மெட்டு ஒன்று அனுப்ப வேண்டும். ஏழாம் வகுப்பை ஆளுக்கொரு மெட்டுப் போட்டு எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் சினிமாப் பாட்டைத் திருப்பிப் போட்டு வந்தார்கள். நிஷா எழுதியே வரவில்லை. சாப்பாட்டு வேளையில் தனியாக வந்து, "சார், எய்த வரல. வாசிச்சிக் காட்டட்டா?" என்றாள்.

ஸ்டிக்கர் இல்லாத கறுப்புக் கட்டைகளிலேயே வாசித்தாள். ஒரு நிமிஷம்கூட இராது. எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நானும் மெட்டுப் போடுகிறேன். ஒன்றுகூட இதன் கால்தூசுக்குப் பெறாது. சந்தோஷப்பட்டிருக்கலாம், வாத்தியார்தானே. எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். ஐயப்பன்தாங்கல் டெப்போவுக்குப் பின்னாலிருந்து வருகிறவள், வீட்டில் ஒரு பொம்மைக் கீபோர்டுகூடக் கிடையாது. அவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இது?

"இன்னொரு தடவை வாசி, நான் எழுதித் தரேன்" என்றேன். அவள் வாசிக்க வாசிக்க அப்படியே எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அதை வெள்ளைக் கட்டைகளுக்கு மாற்றி இன்னொரு தாளில் எழுதி, அடியில் எழுத்தும் போட்டு, போட்டவர் என்ற இடத்தில் கார்த்திகாவின் பெயரை எழுதினேன். கார்த்திகா எங்கள் தாளாளர் கோவிந்தராஜின் பேத்தி. "நீ கொண்டுவந்ததைக் கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்மா" என்று கொடுத்தேன். அவளும் நம்பிவிட்டாள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்த வேலிக்குத்தான் தெரியும், பயிர் எவ்வளவு ருசி என்று.

கார்த்திகா அதை வகுப்பில் முதல் தடவை வாசித்தபோதே நிஷா எழுந்து, "சார், அது நான் போட்டது" என்றாள். உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். ஒரு மாதம் கழித்து அவள் அம்மா ராஜகுமாரி, ஹாஸ்டல் சமையல் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, மகளோடு தாளாளர் அறைக்கு வந்துவிட்டாள்.

"எம் பொண்ணு சரியா துன்றதே இல்ல சார். அது போட்ட பாட்ட வேற பொண்ணு பேர்ல எய்திக்கினாங்கன்னு அயுவுது. நீங்க பெரியவங்க, இன்னான்னு கேளுங்க."

தாளாளர் என்னைப் பார்த்தார். நான் கோபப்படவில்லை. "சோதிச்சே பார்த்துடலாம் சார்" என்று கீபோர்டை வரவழைத்தேன். அன்று அவள் வாசிக்கும்போது நான் எழுதிய அதே முதல் தாளை எடுத்து வைத்தேன். அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை, வெறும் புள்ளிதான்.

"நீ போட்டதுன்னா இதைப் படிச்சு வாசிம்மா."

நிஷாவின் விரல் கோடுகளின் மேல் தடவித் தடவிப் போனது. "சார், இதுல எய்த்தே இல்லியே."

"போட்டவங்களுக்கு எழுத்து எதுக்கும்மா?"

அவள் தாளைத் தள்ளிவிட்டு, கறுப்புக் கட்டைகளில் மெட்டை முழுக்க வாசித்தாள். ஒரு பிசிறு இல்லை. கார்த்திகாவைக் கேட்டுக் கற்றிருந்தால் இவளும் வெள்ளையில்தான் வாசித்திருப்பாள். அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஒரு மாசமா கிளாஸ்ல கேட்டிருக்கா. நல்ல காது சார், அதுல குறை சொல்ல மாட்டேன்" என்றேன்.

தாளாளர் தலையாட்டினார். ராஜகுமாரி மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மானத்த வாங்கிட்டியேடி! அந்தப் பொண்ணாண்ட போய் சாரி சொல்லு." இரண்டாவது அடி விழாமல் நான்தான் தடுத்தேன். அதற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நிஷா சாரி சொன்னாள். ஆவடியில் கார்த்திகாவுக்கு முதல் பரிசு கிடைத்தது.

அதற்கடுத்த வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் நிஷா மட்டும் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

"சார், நானே போட்டதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். அந்த மெட்ட நான் மொத மொத யாராண்ட கேட்டேன்? யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், நெனப்பே வரல."

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"என்கிட்டதான்" என்றேன்.

"அப்பாடா. தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.