இடப்பக்கத்துச் சில்லு

துசாந்தனுக்கு வயிற்றெரிச்சல். அதற்கு வேறு நல்ல பெயர் தேடி என்ன பயன்? சகலன் ஜதுர்சன் கட்டாரிலிருந்து வந்து, ஒரு வெள்ளைக் காரை வாங்கி வளவுக்குள் விட்ட நாளிலிருந்து இவனுக்குத் தின்றது செரிக்கவில்லை.

வாழைச்சேனையில் அந்த ஒரே வளவுக்குள் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு. பத்தினிப்பிள்ளை மாமி தன் பெண்களுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தவை. மருமகன்மார் இருவரும் வந்து குடியேறியவர்கள். இவன் வீட்டில் மீன் பொரித்தால் அவன் வீட்டில் மணக்கும். மூத்தவள் றஞ்சிதாவைக் கட்டிய துசாந்தன் கடைத்தெருவில் கார் திருத்தும் கராச் வைத்திருக்கிறான். முன்பெல்லாம் மாமி கொடுவா மீன் ஆக்கினால் தலை இவனுக்குத்தான். இப்போது அது இளைய மருமகனுக்குப் போகிறது. ஒரு மீன் தலைக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். மூத்த மருமகனாக இருந்து பாருங்கள், தெரியும்!

ஜதுர்சனுக்கு மட்டக்களப்பு டவுனில் வேலை. பின்னேரம் வேகமாய் வந்து, வளவு வாசல் படலையடியில் பிரேக்கை ஓங்கி மிதித்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் காரை நிறுத்துவான். வாசற்படியில் குந்தியிருக்கும் துசாந்தன் அதை முன்னிருந்து பின்வரை ஒரு பார்வை பார்ப்பான். பிறகு விசுக்கென்று எழும்பி உள்ளே போய் டிவியைச் சத்தமாகப் போடுவான். அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க அவனால் ஏலாது.

அப்படியிருக்க, பிரேக் பிடித்தால் கார் உதறுகிறது என்று ஒருநாள் றஞ்சிதா வந்து சொன்னாள். துசாந்தனுக்கு வயிறு குளிர்ந்தது. "என்னட்டத்தானே வரணும்," என்று காத்திருந்தான். வந்தானா? வளவுக்குள் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, டவுனில் யாரோ ஒருவனிடம் கொண்டுபோய் முன் சில்லுகளின் பிரேக் டிஸ்க் இரண்டையும் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தான். குளிர்ந்த வயிறு மறுபடி பற்றி எரிந்தது.

ஒரு மாதம் போகவில்லை, கார் பழையபடி உதறத் தொடங்கியது. இந்த முறை மாமியே வந்தாள்.

"மருமகன், அந்தக் காரை நீங்க ஒருக்காப் பாருங்களன். உங்களை விட்டா ஆரு?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அவன் காத்துக் கிடந்தான். பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் அவன் மறுபடி இந்த வளவின் மூத்த மருமகன். கண்டுபிடிக்காவிட்டால் வாசற்படியே கதி.

ஞாயிற்றுக்கிழமை ஜதுர்சனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கிரான் றோட்டில் வேகமாய் ஓட்டி, பிரேக்கை மிதித்தான். ஸ்டேரிங் கைக்குள் நடுங்கியது. முன் சில்லுதான், சந்தேகமில்லை. திரும்பி வந்து வளவுக்குள்ளேயே ஜாக் அடித்தான். கராச்சுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் வீட்டார் பார்க்க வேண்டாமா?

முதலில் வலப்பக்கச் சில்லைக் கழற்றினான். ஸ்குரூ டிரைவரின் நுனியை டிஸ்குக்குக் கிட்ட அசையாமல் பிடித்தபடி, டிஸ்கைக் கையால் சுற்றினான். எங்கேயும் முட்டவில்லை. இடப்பக்கத்துக்கு வந்து அப்படியே செய்தபோது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கிரிக்கென்று உரசியது. டிஸ்க் கோணியிருந்தது. ஒரே நாளில் போட்ட சாமான், ஒன்று நேராக இருக்க மற்றது ஏன் கோணவேண்டும்? குனிந்து பார்த்தான். கழற்றி வைத்த சில்லின் உட்புறமெல்லாம் மஞ்சள் கறை. டிஸ்குக்குப் பின்னால் தகட்டில் ஒரு வேப்பிலை காய்ந்து ஒட்டியிருந்தது.

பிடித்துவிட்டான்! குரல் தானாக உயர்ந்தது.

"ஓடி வந்த சூட்டோட சில்லுக்குத் தண்ணி ஊத்துற ஆரு? பிரேக் பிடிச்சுப் பிடிச்சு இந்த டிஸ்க் தோசைக்கல்லு மாதிரிச் சுட்டுக் கிடக்கும். அதில தண்ணிய ஊத்தினா கோணாம என்ன செய்யும்?"

"சத்தியமா நானில்ல அண்ணன்," என்றான் ஜதுர்சன்.

"நாந்தான் மனே," என்றாள் மாமி. "மஞ்சத் தண்ணி. வந்து நிண்ட உடனே ஒரு வாளி ஊத்துவன். கண்ணூறு படப்படாதெண்டு."

அதோடு விட்டிருக்கலாம். வென்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அது சரி மாமி, ஏன் இடப்பக்கத்துச் சில்லுக்கு மட்டும் ஊத்துறீங்க?"

மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஜதுர்சனின் பெண்சாதி நிலக்சி, அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று உள்ளே ஓடினாள். றஞ்சிதா கீழே கிடந்த நட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை. துசாந்தன் திரும்பிப் பார்த்தான். இடப்பக்கத்துச் சில்லுக்கு நேரே அவனுடைய வாசற்படி.

தன் பெண்சாதிக்கும் தெரிந்திருக்கிறது. இவன் உள்ளே போய் டிவியைப் போடும்வரை வாளியோடு காத்து நின்றிருக்கிறார்கள். துசாந்தனுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

டிஸ்கை லேத்தில் கொடுத்துச் சீவி, கொண்டுவந்து பூட்டினான். படலையடியில் எவ்வளவு ஓங்கி மிதித்தும் கார் ஆடாமல் அசையாமல் நின்றது. அன்று கொடுவாத் தலையை மாமி தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மருமகன், இனி அந்தத் தண்ணிய ஊத்தாம விடட்டா?"

துசாந்தன் வாசலுக்கு வெளியே பார்த்தான். கழுவித் துடைத்த கார் பளபளவென்று நின்றது. பார்த்த மாத்திரத்தில் வயிறு எரிந்தது.

"முதல்ல கார் ஆறட்டும் மாமி," என்றான் மெல்ல. "ஆறினாப் பிறகு ஊத்துங்க. ஊத்தாம மட்டும் விட்டுடாதீங்க."