மூன்றாம் நாள் வல்லூறு

என் கணவர் ஷாத்லிக்குக் காடைக்கறி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முப்பத்தைந்து வருஷமாக அவர் கறிக்காகத்தான் மலையேறினார் என்று நினைத்துவிடுவீர்கள். பிடித்துவரும் காடைகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் பொரித்த முட்டையை ஹரீசா காரத்தோடு ரொட்டியில் தோய்த்துச் சாப்பிடும் மனிதர் அவர்.

எங்கள் ஹவாரியா, துனீசியாவின் மூக்கு நுனியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஊர். வசந்தத்தில் கடல் தாண்டப் போகிற பறவைகள் எங்கள் மலையில்தான் மூச்சு வாங்கும். அப்போது ஆண்கள் வலை கட்டி ஆளுக்கொரு வல்லூறு பிடிப்பார்கள். ஒன்றுதான், லைசென்ஸ் அப்படி. பிடித்த பறவையைப் பத்துப் பதினைந்து நாள் பழக்கி, வாற்கோதுமை வயலில் காடைமேல் ஏவி, சீசன் முடிந்ததும் அதே மலையில் விட்டுவிட வேண்டும். பழக்குகிற நாட்களில் முடிதிருத்தும் கடை, தபால் ஆபீஸ், காபிக்கடை என்று எங்கே பார்த்தாலும் கையில் பறவையோடு ஒருத்தர் நிற்பார். மனுஷ முகமும் சத்தமும் அதற்குப் பழக வேண்டுமாம். பெற்ற பிள்ளையை ஒரு நாள் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருப்பார்களா என்று கேளுங்கள், பதில் வராது.

எதற்காக இத்தனை பாடு? ஒரு கதைக்காக. என் வீட்டுக்காரரின் கதை என்னவென்று ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் ஏவிய வல்லூறிடம் தப்பிய காடை ஒன்று, அவருடைய காபிக்கடைக் கூட்டாளி ஹ்மாயெஸின் வீட்டு முற்றத்துக்குள் புகுந்துவிட்டது. அன்றைக்கு அங்கே ஹ்மாயெஸ் மகளின் நிச்சயதார்த்த விருந்து. வல்லூறு பின்னாலேயே நுழைந்து, சம்பந்தி வீட்டார் கண்முன்னே, பேரீச்சம்பழப் பலகாரம் அடுக்கியிருந்த பித்தளைத் தட்டில் வைத்து அந்தக் காடையை அமுக்கியது. அமுக்கிய வேகத்தில் வல்லூறின் இடது கால் நடுவிரல் நகம் தட்டில் பட்டு வேரோடு போய்விட்டது. அன்று முதல் அதற்கு அரூசா என்று பெயர், அதாவது மணப்பெண். ஷாத்லி இந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஹ்மாயெஸ் தன் பலகாரத்துக்காக நூற்றியொரு தடவை திட்டியிருப்பார்.

போன குளிர்காலத்தில் ஷாத்லிக்குப் பக்கவாதம் வந்தது. கை பிழைத்தது, கால் பிழைத்தது, பேச்சும் திரும்பிவிட்டது. வாய் மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. டாக்டர் உடம்பு தேறிவிட்டது என்றார். தேறிய மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். முப்பத்தைந்து வருஷம் நான் கேலி செய்த கதைகளில் ஒன்றையாவது சொல்ல மாட்டாரா என்று நான் ஏங்கிப்போனேன்.

மார்ச் கடைசியில் என்ன தோன்றியதோ, கம்பை ஊன்றிக்கொண்டு மலையேறினார். மதியம் திரும்பும்போது கையில் துணி சுற்றிய பறவை இருந்தது.

"தலெந்தா! யாரு வந்திருக்கான்னு பாரு!"

ஆரஞ்சு நிறக் கண்ணோடு ஒரு கிழட்டு வல்லூறு என்னைப் பார்த்தது. இளசுக்குக் கண் மஞ்சளாக இருக்கும், வயதாக ஆகச் சிவக்கும். கிழடு பழகாது என்று அவிழ்த்து விட்டுவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இவரோ இருக்கிற ஒரு லைசென்ஸை இதற்குச் செலவழித்துவிட்டு நிற்கிறார்.

"இடது கால் நடுவிரலைப் பாரு. நகம் இல்ல. அரூசாடி இவ!"

அவர் முகம் முழுதும் சிரித்தது, இழுத்துக்கொண்ட பக்கமும் சேர்ந்து. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. கூடவே பயமும் வந்தது.

பயந்தது சரியாய்ப் போயிற்று. அன்று சாயங்காலமே காபிக்கடையில் ரகளை. ஹ்மாயெஸ்தான் 'சி' என்று மரியாதை வைத்து ஆரம்பித்திருக்கிறார்.

"சி ஷாத்லி, நகம் உடைஞ்ச வல்லூறு உலகத்துல ஒண்ணுதானா? என் கால்லயும் ஒரு நகம் இல்ல. நான்கூட அரூசாவா இருக்கலாம், நல்லாப் பாரு!"

"நீ பறந்து வந்தா அப்புறம் பேசு."

"அப்ப இவ வருவாளா? ரெண்டு வருஷம் கழிச்சு, கடல் கடந்து போயிட்டு, உன் கைக்கு?"

"வருவா. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு எங்க களத்துக்கு வாங்க எல்லாரும். கயிறு கட்டாம விடுறேன். வரலேன்னா லைசென்ஸை ஆபீஸ்ல குடுத்துட்டு, இனிமே மலைப் பக்கமே திரும்ப மாட்டேன்."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. புதுப் பறவை எதுவும் பத்து நாளைக்குள் கயிறில்லாமல் வராது. மூன்றாம் நாள் வந்தால் அது அரூசாதான், வேறு பேச்சே கிடையாது. வராவிட்டால் பறவையும் போய்விடும், மலையும் போய்விடும். வேட்டைக்காரன் காபிக்கடையில் கொடுத்த வாக்கை எங்கள் ஊரில் திருப்பி வாங்க முடியாது. மலை இல்லாவிட்டால் அவருக்கு மிச்சம் அந்தச் சுவர்தான்.

"உனக்குப் புத்தி இருக்கா? யாரைக் கேட்டு வாயை விட்டே?" என்று கத்தினேன்.

"அவ என் விசிலுக்கு வருவா," என்றார்.

அந்த விசில்தான் இல்லையே! முற்றத்தில் நின்று உதட்டைக் குவித்துப் பார்த்தார். கோணிய பக்கம் வழியாகக் காற்றுதான் வந்தது. ரொட்டி மாவு பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை முழுவதும் புஸ் புஸ் என்ற அந்தச் சத்தம்தான் வீட்டில்.

அதுவரை நான் யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அரூசாவுக்கு நான் தீனி கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, இவர் மத்தியானம் குறட்டை விடுகிற நேரத்தில், அது முற்றத்துத் தாங்கிக் கட்டையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். இந்தச் சனியனை யார் வீட்டுக்குள் விட்டது என்று ஊர் கேட்க வைதவள் நான்தான். ஒரு நாள் கோழி அறுத்தபோது ஈரல் துண்டு ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டது. மறுநாள் நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கி, ட்ளக் ட்ளக் என்று கூப்பிட்டேன். தாங்கியிலிருந்து பறந்து என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் விட முடியவில்லை. தினமும் கொடுத்தேன்.

இது எவ்வளவு பெரிய குற்றம் என்று எங்கள் ஊரில் கேட்டால்தான் தெரியும். வல்லூறு ஒரு கையைத்தான் அறிய வேண்டும். இரண்டு கையில் தின்ற பறவை கெட்டுப்போன பறவை. பெண்டாட்டி கையில் தின்கிற பறவையை வைத்திருப்பவனைக் காபிக்கடையில் பேரப்பிள்ளை காலம்வரை சிரிப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. இந்த மூன்று நாளும் நான் அந்தப் பறவை பக்கமே போகவில்லை. நாக்கைச் சொடுக்கி அது திரும்பிப் பார்க்காவிட்டால் என்ன செய்வேன்? அப்போது அது அரூசா இல்லை, என் மனிதர் தோற்றார் என்று அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை களத்தைச் சுற்றி முப்பது நாற்பது ஆண்கள் நின்றார்கள். பாதிப் பேர் கையில் பறவை. பெண்கள் நாங்கள் கொல்லைக் கதவருகே நின்றோம். கடல் காற்று பலமாக அடித்தது. ஷாத்லி நாற்பது அடி நடந்து, கல் சுவரின்மேல் அரூசாவை வைத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கையில் இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டு உதட்டைக் குவித்தார்.

புஸ் என்றது.

யாரோ ஒருவன் பின்னால் சிரித்தான். ஹ்மாயெஸ் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாத்லி மறுபடி ஊதினார். கையை ஆட்டினார். "அரூசா! அரூசா!" என்றார், குரல் உடைந்தது. பறவை இறகை ஒரு தடவை உதறிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. பறக்கப் போகிற வல்லூறு உடம்பை முன்னால் சாய்க்கும். அது சாய்ந்தது.

நான் எப்போது களத்துக்குள் போனேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் என் நாத்தனார், "ஏ தலெந்தா, ஆம்பளைங்க நடுவுல எங்கடி போறே?" என்றது காதில் விழுந்தது. நாக்கைச் சொடுக்கினேன். வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, சத்தமே வரவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டுக் கையை நீட்டினேன்.

ட்ளக். ட்ளக். ட்ளக்.

அது தலையை மட்டும் திருப்பியது. அந்த ஆரஞ்சுக் கண் என்னைப் பார்த்தது. அடுத்த கணம் சுவரில் பறவை இல்லை. தரையை ஒட்டித் தாழப் பறந்து, ஷாத்லியின் காலருகே புகுந்து, மேலே எழும்பி என் வெறுங்கையில் வந்து உட்கார்ந்தது. கையில் இறைச்சி இல்லை, உறை இல்லை, ஒன்றுமில்லை. நகங்கள் சதையில் இறங்கின, இடது காலின் நடுவிரலைத் தவிர. அங்கே மொட்டையாக, மெத்தென்று இருந்தது.

"இவதான்!" என்று கத்தினேன். "இவதான்! நடுவிரல் குத்தல! அரூசாதான்!"

ரத்தம் முழங்கை வரை வழிந்தது. நான் அழுதேன், சிரித்தேன். அவ்வளவு பெரிய வானத்தை விட்டுவிட்டு என் கைக்கு வந்தாளே! இந்த ஆண்கள் ஏன் வருஷாவருஷம் மலையேறுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இவ்வளவு காலம் இதை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தார்களே என்று கோபமும் வந்தது.

ஷாத்லி மெல்ல நடந்து வந்தார்.

"எத்தனை நாளா?"

"அந்த வருஷம்."

"எத்தனை தடவை?"

"நீ தூங்குன மத்தியானம் எல்லாம்."

அவர் முகம் வெளுத்தது. அவர் கதையை, அவருக்கு இருந்த ஒரே சொத்தை, ஊர் நடுவில் வைத்து நான் கிழித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவருடைய கோணல் வாய் நடுங்கியது. அழப் போகிறார் என்று பார்த்தால் சிரித்தார். குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தினம் காலைல அவ எடை ஏன் கூடுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன்டி! தராசு பொய் சொல்லுதுன்னு ரெண்டு தராசு மாத்தினேன்! திருடி!"

"உன் கையால குடுக்கற துண்டு அவ பல்லுக்கே பத்தாது."

"வல்லூறுக்கு ஏதுடி பல்லு?"

களமே வெடித்துச் சிரித்தது. ஹ்மாயெஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பறவையின் காலைத் தூக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மூணாம் நாள் வந்துட்டா. வேற பேச்சே இல்ல. என் பலகாரத் தட்டுல குதிச்ச கழுதை இவதான். சி ஷாத்லி, லைசென்ஸை பையிலயே வெச்சுக்க." அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கும் மரியாதை வைத்து, "லல்லா தலெந்தா, கையைக் கழுவிக் கட்டுப் போடு. அந்த நாக்கையும் பத்திரமா வெச்சுக்க," என்றார். இருபது வருஷத்தில் ஹ்மாயெஸ் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அந்த சீசனில் வயலுக்கு இரண்டு பேராகப் போனோம். அவர் ஏவுவார், நான் கூப்பிடுவேன். நாற்பத்தேழு காடை. ஊரில் யாரும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. முதல் காடையை மிளகும் சீரகமும் போட்டு வதக்கி, பித்தளைத் தட்டு நிறையப் பலகாரமும் சேர்த்து, ஹ்மாயெஸ் வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் முதலில் என் பின்னால் பறவை வருகிறதா என்றுதான் எட்டிப் பார்த்தார்.

காபிக்கடையில் இப்போது புதுக் கதை ஓடுகிறது. காற்று புஸ்ஸென்று போன இடம்வரை ஷாத்லி சொல்வார். ரொட்டிக் கூடையோடு நான் அந்த வழியாகப் போனால், "தலெந்தா, மிச்சத்தை நீ சொல்லு!" என்று கூப்பிடுவார். பெண்கள் கால் வைக்காத அந்த வாசற்படியில் நின்று மிச்சத்தை நான் சொல்வேன். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

ஜூன் மாதம் அரூசாவை விடுவதற்கு இருவரும் மலையேறினோம். காற்று தெற்கிலிருந்து அடித்தது, எதிர்க்கரைத் தீவு கோடாகத் தெரிந்தது. கால் வாரை அவர் அறுத்தார். நான் கையை உயர்த்தினேன். அவள் எழும்பி, ஒரு வட்டம் அடித்துவிட்டுக் கடல் பக்கம் போனாள். என் நாக்கு தானாக மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஷாத்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பக் கூப்பிட்டா வருவாளா?" என்றார்.

"வருவா," என்றேன். கூப்பிடவில்லை.