சத்தம் போடப் பயந்தவன்

அம்பிகைபாகன் ஆர்டரைத் தொலைத்துவிட்டான். மேசையில் காதாரக் கேட்டு வாங்கியது, தேநீர் ஆற்றும் இடத்துக்கு நடந்து போவதற்குள் மாயமாய்ப் போயிற்று. கடைக்காரர் அப்துல் ஹமீது தேயை ஆற்றிக்கொண்டே அவனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, மறுபடியுமா?"

மறுபடியும்தான். சூலியா ஸ்திரீட்டில் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒரு வாரம் வேலை செய்து காட்டு, பிடித்தால் வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். நல்ல மனிதர். ஆனாலும் மைலோ கேட்டவருக்குத் தே போனால் எந்த நல்ல மனிதருக்குப் பொறுக்கும்?

"நாளைக்கும் இப்படின்னா வேணாம்லா தம்பி. கஸ்டமர் ஓடிடுவாங்க."

அம்பிகைபாகனுக்கு மனச்சிதைவு நோய். காதில் கேட்ட குரல்களை மாத்திரை அடக்கிவிட்டது. ஞாபகத்தைத்தான் அதனால் மீட்டுத் தர முடியவில்லை. முப்பது வயதில் கிடைத்த முதல் வேலை. இதுவும் போனால் மறுபடி வீட்டுக்குள் அதே அறை, அதே ஜன்னல்.

கடையிலிருந்து நேரே கெலுகோருக்குப் பஸ் ஏறினான். அக்கா அருந்ததிக்கு அங்கே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. எலி மூளையைச் சீவல் சீவலாய் எடுத்து ஆராய்கிறவள்.

"நான் சோம்பேறியாக்கா?"

அருந்ததி அவனை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். கறுப்பாய் ஒரு கிளை, அதன் மேல் நெருக்கமாய்ச் சின்னச் சின்ன முட்கள்.

"ரம்புத்தான் பழத்தோல் மாதிரி இருக்கு."

"அது நல்லா இருக்கிற எலியோட நரம்பு செல். இப்ப இதைப் பாரு."

இதில் முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த்தான் இருந்தன.

"ஒரு நரம்பு செல் அனுப்புற சேதியை அடுத்த செல் வாங்கிக்கணும். வாங்குற இடத்துக்கு ஏற்பின்னு பேரு. இந்த எலிக்கு மருந்து குடுத்து அதை அடைச்சோம். முள்ளும் குறைஞ்சுது, பழகின வழியும் மறந்துபோச்சு. உன் நோயிலயும் இப்படி ஏதோ நடக்குதுன்னு நினைக்கிறோம். முழுசா இன்னும் தெரியலை. ஆனா சோம்பேறித்தனம் இல்லடா."

அவனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அடேயப்பா, இத்தனை வருஷம் வாங்கிய திட்டெல்லாம் வீண் திட்டு!

"ஆர்டரை மனசுல வெச்சுக்க முடியலேன்னா எதுக்கு அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போற? மத்தவங்க மாதிரி மேசைகிட்ட நின்னே கத்திடு" என்றாள் அருந்ததி.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. கடைப் பையன்கள் எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே கத்துவார்கள், உண்மைதான். இவனோ குமாஸ்தா வேலை பார்த்த கிராணி வீட்டுப் பிள்ளை. அதிகாரி முன்னால் நிற்பதுபோலப் பக்கத்தில் போய்த்தான் மெல்லச் சொல்வான். போதாக்குறைக்கு அம்மா செல்வநாயகி வேறு, நோய் வந்த நாளிலிருந்து அவன் வாயைத் திறந்தாலே "மெதுவா, மெதுவா" என்பாள். குரல் உயர்ந்தால் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று அக்கம்பக்கம் பேசுமே என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம் இவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்கக்கா."

"பார்த்தா பார்க்கட்டும்."

மறுநாள் காலை கடையில் கூட்டம் நெரிந்தது. நாலு பேர் இருந்த மேசையில் ஆர்டர் கேட்டதும் கால் தானாகவே ஹமீதின் பக்கம் திரும்பியது. அதட்டி நிறுத்தினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ரெண்டு தே தாரிக்! அதுல ஒண்ணு சீனி கொறைச்சு! ரெண்டு மைலோ! ரொட்டி சானாய் நாலு!"

முடிந்தது கதை என்று நினைத்தான். மெல்லக் கண்ணைத் திறந்தான்.

ஒருவரும் திரும்பவில்லை. பேப்பர் படித்தவர் பேப்பரைப் படித்தார். பந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை போட்ட இருவர் சண்டையை விடவில்லை. ஹமீது மட்டும் கோப்பைகளை வரிசையாக எடுத்து வைத்தார். நாலும் சரி.

"மெதுவாலா தம்பி. நான் என்ன கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்லயா நிக்கிறேன்? நாளைக்குச் சீக்கிரம் வந்துடு, ஞாயித்துக்கிழமை கூட்டம் தாங்காது."

அம்பிகைபாகன் அடுத்த மேசைக்குப் போனான். சும்மா சொல்லக்கூடாது, இந்தத் தடவை இன்னும் சத்தமாகவே கத்தினான்.